திருமலைக் கல்வெட்டும் கணினிக் கோப்பும்



ஓர் இயங்குதளத்தில் ஓடும் கணினியிலுள்ள கோப்பை, முற்றிலும் வேறான இயங்குதளத்தில் ஓடும் மற்றொரு கணினி கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ எப்படித் திறந்து படிக்கிறது, எழுதுகிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இது பட்டணத்து எஞ்சினீயர்களுக்குரிய பேச்சு, போளூரில் இதற்கென்ன பிரயோஜனம் என்று உங்களில் சிலர் எண்ணியிருக்கக்கூடும். என் அபிப்பிராயத்தில் விஷயம் நம் பக்கத்து மலைக்கல்லிலேயே தொடங்குகிறது. ஆகையால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

போளூருக்கு அருகிலுள்ள திருமலைக்குப் போய்வராதவர் இந்த மண்டபத்தில் மிகச் சிலராகவே இருப்பர். நேமிநாதரின் நெடிய திருவுருவத்தையும், குந்தவையின் பெயரால் வழங்கும் ஜினாலயத்தையும், முதலாம் இராஜேந்திர சோழனின் வெற்றிகளைக் கங்கைக்கரை வரை வரிசையாக எடுத்துரைக்கும் அவனது 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டையும் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது அதே மலையிலுள்ள, அவ்வளவாகப் பேசப்படாத மற்றொரு கல்வெட்டைப் பற்றியது. சேர மரபினனான எழினி என்பவன் முன்னொரு காலத்தில் செய்துவைத்த இயக்கன், இயக்கி உருவங்களைத் தகடூர் அதிகமான் வழியில் வந்த விடுகாதழகிய பெருமாள் என்பவன் பழுதுபார்த்துத் திருமலையில் எழுந்தருளுவித்து, சேகண்டி ஒன்றும் அளித்து, வாய்க்கால் ஒன்றும் வெட்டுவித்தான் என்பதே அதன் செய்தி. அந்த ஒரே செய்தியை வடமொழிச் செய்யுளிலும், பிறகு தமிழ்ச் செய்யுளிலுமாக ஒரே இடத்தில் பொறித்துவைத்திருக்கிறார்கள். வடமொழி மாத்திரம் கற்று வரும் யாத்திரிகனும், தமிழ் மாத்திரம் அறிந்த உள்ளூர்வாசியும் ஒரே கல்லின்முன் நின்று, ஒருவர் பாஷையை மற்றொருவர் கற்காமலே, ஒரே செய்தியை அறிந்து செல்லலாம்.

அந்தக் கல்வெட்டில் என் மனத்தை மிகவும் ஈர்த்தது அதிலுள்ள பெயர்கள். தமிழில் எழினி என்று வருபவனை வடமொழிப் பகுதி யவனிகா என்று அழைக்கிறது. எழினி என்றாலும் திரை, யவனிகா என்றாலும் திரை. விடுகாதழகிய பெருமாளின் பெயரையும் அவ்வாறே சொல்லுக்குச் சொல் பெயர்த்து, விடுபட்ட காதுகளால் விளங்குபவன் என்று பொருள்தரும் நீண்ட சமஸ்கிருதத் தொடராக்கி எழுதியிருக்கிறார் புலவர். ஒலி போய்விட்டது, பொருள் நின்றது. படிப்பவர் மனிதராதலால் அது போதுமானதாயிற்று. யவனிகாவும் எழினியும் ஒருவரே என்று சிறிது யோசித்தால் அறிந்துகொள்வார். கணினிக்கு அந்த யோசனை கிடையாது. நீங்கள் வைத்த பெயரில் ஒரு குறி மாறினாலும், கோப்பு அங்கேயே இருக்க, அப்படி ஒன்று இல்லை என்று அது சாதித்துவிடும். கோப்பின் உள்ளடக்கத்தை ஓர் இடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வது சுலபம். அதன் பெயரையும், உரிமையையும், அதைச் சுற்றியுள்ள வழக்கங்களையும் சிதையாமல் கொண்டுசேர்ப்பதுதான் கடினம் என்று நான் சொல்வதற்கு இதுவே முகவுரை.

பட்டுத்தறியைப் பற்றி இங்கே நான் எடுத்துச் சொல்வது உங்கள் வீட்டுக் கதையை உங்களுக்கே சொல்வதாகும். ஆயினும் ஒரு காரணத்துக்காகச் சொல்கிறேன். தறியின்மேல் நிற்கும் ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதுகின்றன. அட்டையில் துளையிருக்குமிடத்தில் ஊசி உட்புக, அதற்குரிய கொக்கி பாவின் இழையைத் தூக்குகிறது. துளையில்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கிறது. முந்தியில் மயிலும் கரையில் கோபுரமும் தோன்றுவது இந்த இரண்டே விடைகளால்தான்: துளை உண்டு, துளை இல்லை. ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டை ஒட்டிப் பிரான்சு தேசத்தின் லியோன் நகரத்துப் பட்டுத்தறிகளுக்கென்று இந்தச் சாதனத்தைச் சீர்செய்து நிறுத்தினார். துளையட்டை என்னும் அந்த எண்ணத்தைச் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பு யந்திரத்தின் திட்டத்தில் எடுத்துக்கொண்டார். ஹெர்மன் ஹொலரித் என்பவர் 1890ஆம் ஆண்டு அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கைத் துளையட்டைகளாலேயே எண்ணி முடிப்பித்தார். அவர் நிறுவிய கம்பெனி வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து, 1924ஆம் ஆண்டில் ஐ.பி.எம். என்ற பெயரை ஏற்றது. கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்குரிய, இன்றளவும் நம் மேஜைகளில் வழங்கிவருகிற பாஷை, 1980களின் முற்பகுதியில் அந்த ஐ.பி.எம். நிறுவனத்திலேதான் பிறந்தது. பட்டுத்தறியிலிருந்து புறப்பட்ட ஓர் எண்ணம் உலகத்தைச் சுற்றிக்கொண்டு, மின்னணு ஜக்கார்டுக்கு டிசைன் கோப்பு அனுப்பும் வேலையாக மறுபடியும் பட்டுத்தறி ஊருக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உள்ளம் பூரிக்கிறது.

ஆரணிப் பக்கத்தில் டிசைன் வரைந்து கொடுக்கும் நண்பர் ஒருவரின் அறையில் நான் பல நாட்கள் உட்கார்ந்திருந்ததுண்டு. ஜக்கார்டு டிசைன் மென்பொருள் ஓடும் விண்டோஸ் கணினி ஒன்று. மின்னணு ஜக்கார்டோடு வந்த, எக்ஸ்பி காலத்துப் பழைய கணினி ஒன்று. அவருடைய மகன் பள்ளியில் பெற்ற அரசு மடிக்கணினி ஒன்று. சுவருக்கு அப்பால் கல்யாணப் பத்திரிகை அச்சிடும் உறவினர் வைத்திருந்த மேக் ஒன்று. அந்த அரசு மடிக்கணினியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் தொகுதிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே பெட்டியில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருந்தன. லினக்ஸ் பக்கத்தில் சேமித்த பாடத்தை விண்டோஸ் பக்கத்தில் தேடிக் காணாமல், அழிந்தே போயிற்றென்று கண்கலங்கிய பிள்ளைகளை நான் அறிவேன். லினக்ஸ் தன் தட்டில் கோப்புகளை அடுக்கும் முறையை விண்டோஸ் இயல்பாகப் படிக்காது. கோப்பு அழியவில்லை, ஒரே வீட்டில் இரண்டு அறைகள், நடுவில் கதவில்லை, அவ்வளவே.

நண்பரின் அறையில் இந்த நான்கு யந்திரங்களுக்கும் நடுவே ஓடிய தூதன் ஒரு பென்டிரைவ். டிசைனை அதில் ஏற்றிக்கொண்டு இரண்டு சக்கர வண்டியில் தறிக்கொட்டகைக்குப் போவது. அங்கிருந்து வைரஸோடு திரும்பி வருவது. கோப்புறைகளெல்லாம் குறுக்குவழிப் படங்களாக மாறியிருக்கக் கண்டு அரைநாள் திண்டாடுவது. இதுதான் அங்கே நித்திய அனுஷ்டானம். ஒருமுறை ஆவணி முகூர்த்தத்துக்கு முன்பு, மடிக்கணினியின் லினக்ஸ் பக்கத்தில் மகன் முந்தி டிசைனைத் திருத்தினான். அதற்கு ஆங்கில எழுத்தில் முந்தி என்று பெயர். பழைய கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது. இவன் சிறிய எழுத்தில் தொடங்கிச் சேமித்தான். லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்; ஆகவே இரண்டும் ஒரே கோப்புறையில் சுகமாக வாழ்ந்தன. விண்டோஸும் பென்டிரைவும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் பாராட்டுவதில்லை. கோப்புறையை அதில் நகலெடுத்தபோது, இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, மாற்றிவிடவா என்று கேள்வி எழுந்தது. பையன் பயந்து வேண்டாம் என்றான். பழைய டிசைனே தறிக்குப் போயிற்று. தவறு கண்ணில் படுவதற்குள் ஒரு முழம் முந்தி நெய்தாகிவிட்டது. பட்டும் ஜரிகையும் என்ன விலை விற்கின்றன என்று அறிந்த உங்களுக்கு நான் மேலே சொல்லவேண்டியதில்லை. பெரிய எழுத்து என்பதையே அறியாத எழுத்துமுறையை உடைய நாம், பிறர் எழுத்துமுறையின் ஒரு சிறு வழக்கத்தால் பட்ட நஷ்டம் அது.

இவ்வாறு வேறுபட்டு நிற்கும் யந்திரங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு, அவற்றுள் ஒன்று தன் இயல்பை விட்டு மற்றொன்றாக மாறவேண்டுவதில்லை. நெசவாளர்களே, கோர்வையை நீங்கள் அறிவீர்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், தனித்தனி நாடாக்கள், சேருமிடத்தில் ஊடைகள் கோத்துக்கொள்ளும் முறை மாத்திரம் பிசகாமல் இருக்கவேண்டும். கணினிகளுக்குள் அந்தச் சேருமிடத்து முறையையே நெறிமுறை என்கிறோம். நான் அதைச் சம்பிரதாயம் என்று சொல்லவே விரும்புகிறேன்.

அந்தச் சம்பிரதாயம் நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் வகுத்து, பின்பு மைக்ரோசாஃப்ட் ஏற்று வளர்த்த சர்வர் மெசேஜ் பிளாக், சுருக்கமாக எஸ்எம்பி, என்னும் முறையில், கோப்பை நாடும் கணினி முதலில் கோப்பைக் கேட்பதில்லை. எனக்கு இன்னின்ன வழக்குகள் தெரியும் என்று ஒரு பட்டியலை அனுப்புகிறது. வழக்கு என்று நான் உபசாரமாகச் சொல்லவில்லை. வட்டார மொழிவழக்கைக் குறிக்கும் டயலெக்ட் என்ற சொல்லையே அந்தச் சாஸ்திரத்தார் ஆளுகிறார்கள். எதிரே இருக்கும் கணினி, அப்பட்டியலில் தானும் அறிந்தவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, இதிலே பேசுவோம் என்று விடை தருகிறது. அதன்பிறகுதான், நீர் யார், உமது அடையாளச்சொல் என்ன என்ற விசாரணை. அதற்கும் பின்பு, இந்த வீட்டில் எந்த அறைக்குள் போக விரும்புகிறீர் என்ற கேள்வி. அறைக்குள் நுழைந்த பிறகே, இந்தக் கோப்பைத் திற, இவ்வளவு படி, இவ்வளவு எழுது, மூடு என்ற சம்பாஷணை நிகழ்கிறது. கன்னியாகுமரிக்காரரும் நம் ஜவ்வாது மலைக்காரரும் சந்தித்தால் இருவரும் சற்றுப் பொதுவான தமிழுக்கு வந்து பேசுகிறார்களல்லவா, அதைப்போல. இந்தப் பேச்சில் எந்த இடத்திலும், நீர் விண்டோஸா, லினக்ஸா, உம் தட்டில் கோப்புகளை எப்படி அடுக்கியிருக்கிறீர் என்று கேட்கும் அவசியமே எழுவதில்லை. கேட்பவன் முகத்துக்கு முன் தெரிவது சொல்லாடல் மாத்திரம். பின்னாலிருக்கும் தட்டின் அமைப்பு அவனுக்கு மறைபொருள். நம் எழினியும் இதைத்தானே செய்தது, திரையாக நின்று?

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் உலகத்தில் இதற்கென்று வேறொரு சம்பிரதாயம் இருந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984ஆம் ஆண்டில் வகுத்த என்எஃப்எஸ் என்னும் முறையின் விவரங்கள் 1989ஆம் ஆண்டில் யாவரும் படிக்கும்படி ஆவணமாக வெளியிடப்பட்டன. மேக் கணினிகளுக்கு ஆப்பிள் தனிவழி வைத்திருந்து, 2013ஆம் ஆண்டில் எஸ்எம்பியையே முதன்மையாக ஏற்றுக்கொண்டது. இவற்றை விரித்துரைக்க இப்போது அவகாசமில்லை. எஸ்எம்பி முறை யூனிக்ஸ் கணினிக்குள் புகுந்த கதை ஒன்றை மாத்திரம் நான் விடமாட்டேன்.

ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில், ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர் 1991ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சிறு சௌகரியத்தை நாடினார். அவருடைய மேஜையில் டாஸ் என்னும் இயங்குதளம் ஓடும் கணினி; கோப்புகளோ யூனிக்ஸ் கணினியில். டாஸ் கணினியில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் என்ற மென்பொருள் இருந்தது. அது தன் நிறுவனத்துச் சர்வரோடு பேசியதும் எஸ்எம்பி முறையிலேதான்; ஆனால் அந்த முறை அவரிடம் எழுத்தில் இல்லை. ஆகவே அவர், இரண்டு கணினிகளுக்கும் இடையே கம்பியில் ஓடும் செய்திகளைப் பிடித்துக் காட்டும் ஒரு நிரலை எழுதி, இது இன்னது கேட்டால் அது இன்னது சொல்கிறது என்று கவனித்துக் கவனித்து, அவ்வாறே விடை சொல்லும் சர்வர் நிரலொன்றை யூனிக்ஸுக்கு இயற்றினார். 1992 ஜனவரியில் அதை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். பிற்காலத்தில் அவர் தம் முறையை விளக்கும்போது, பிரெஞ்சு மொழி அறியாதவன் ஒரு பிரெஞ்சுக் காபிக்கடையில் உட்கார்ந்து, வந்தவர் என்ன கேட்கிறார், பணியாள் என்ன கொண்டுவருகிறார் என்று பார்த்தே மொழியைக் கற்பதற்கு அதை ஒப்பிட்டார். பள்ளிக்கூடம் போகாமல், தறிக்குழியருகே உட்கார்ந்து, தந்தையின் காலும் கையும் போகும் போக்கைப் பார்த்தே தொழிலைக் கற்ற பிள்ளைகள் நிறைந்த ஊர் இது. அந்தக் கல்வி எவ்வளவு உயர்ந்தது என்பதை உங்களுக்கு நான் விளக்கவேண்டுமா?

அந்த நிரலுக்கு முதலில் வைத்த பெயர் வேறொரு கம்பெனியின் வணிகப்பெயரோடு மோதிற்று. 1994ஆம் ஆண்டில் அவர் தம் கணினியிலிருந்த ஆங்கிலச் சொற்பட்டியலில், எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் அந்த முறையிலேயே வரும் சொற்களைத் தேடி, கிடைத்த சிலவற்றுள் பிரேசில் நாட்டு நடனத்தின் பெயரான சாம்பா என்பதைத் தேர்ந்தார். ஜெரமி அலிசன் முதலிய பலர் பல தேசங்களிலிருந்தும் வந்து சேர்ந்துகொள்ள, அந்தச் சாம்பா இன்று கணக்கற்ற அலுவலகங்களிலும், வீட்டு மூலையில் வைக்கும் சிறு சேமிப்புப் பெட்டிகளிலும் ஓசையின்றி உழைத்துவருகிறது.

ஆனால் கேட்டறிந்து கற்பதற்கும் ஓர் எல்லை உண்டு. சம்பிரதாயத்தின் சொந்தக்காரர் புதிய சொற்களைச் சேர்த்துக்கொண்டே போனால், கேட்பவர் என்றும் பின்தங்கியே இருப்பார். ஐரோப்பிய ஆணையம் 2004ஆம் ஆண்டு மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்மானம் செய்து, பிற சர்வர்கள் விண்டோஸோடு சரியாகப் பேசுவதற்கு வேண்டிய விவரங்களைக் கொடுக்கவேண்டுமென்று கட்டளையிட்டது. வழக்கு நீதிமன்றம் சென்று, 2007 செப்டம்பரில் ஆணையத்தின் பக்கமே முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில், ஒரே தடவை செலுத்தும் 10,000 யூரோ கட்டணத்துக்கு அந்த ஆவணங்கள் சாம்பா குழுவினர் பயன்படுத்தும்படி கிடைத்தன. அதன் பயனாக 2012 டிசம்பரில் வெளிவந்த சாம்பாவின் நான்காம் பதிப்பு, ஒரு பெரிய அலுவலகத்தின் பயனர்கள் அனைவரையும் ஆளும் பொறுப்பைக்கூட ஏற்கத்தக்கதாயிற்று. ஏரிக்குச் சொந்தக்காரர் இருக்கலாம். மதகு எந்நேரம் திறக்கும், எந்த வாய்க்கால் எங்கே போகிறது என்பது ஊராருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாவிட்டால் கீழ்மடைக்காரனின் பயிர் மேல்மடைக்காரனின் தயவில் நிற்கும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இந்த ஊர் விவசாயிகளுக்கும் இராது என்று எண்ணுகிறேன்.

இனி, பெயரின் விஷயத்துக்குத் திரும்புகிறேன். தமிழராகிய நமக்கு அதிலேதான் பிரத்தியேகமான அக்கறை இருக்கிறது. ஒரு காலத்தில் தமிழ்க் கோப்பு முழுமையாகவே வந்து சேர்ந்தும் படிக்க முடியாதிருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை வானவில் எழுத்துரு மாத்திரம் உள்ள கணினியில் திறந்தால் அர்த்தமற்ற எழுத்துகளின் குவியல். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தாம், தாப் என்னும் குறியேற்றங்கள் வகுக்கப்பட்டன. அயல்நாட்டுத் தமிழர் பலர் டிஸ்கி என்னும் குறியேற்றத்தைப் பயன்படுத்திவந்தனர். 1991ஆம் ஆண்டு முதற்கொண்டே யூனிகோடில் தமிழுக்கு இடம் இருந்தும், 2010 ஜூனில்தான், கோவையில் செம்மொழி மாநாடு கூடிய வேளையில், தமிழ்நாட்டு அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்பதையும் தரமாக அறிவித்தது. கோப்பின் உள்ளே இருக்கும் எழுத்துக்கு இவ்வாறு ஒரு வழி பிறந்தது. கோப்பின் பெயரிலோ இன்னும் சில நுட்பமான முட்கள் இருக்கின்றன.

கோர்வை என்று தமிழிலேயே ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கிறீர்கள் என்று கொள்வோம். அதிலுள்ள கோ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தின் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று. ஏகாரத்துக்குரிய கொம்பையும் ஆகாரத்துக்குரிய காலையும் தனித்தனிக் குறிகளாக வைப்பது மற்றொன்று. முதல் முறையில் கோர்வை என்பது 6 குறிகள், இரண்டாவதில் 7. கண்ணுக்கு இரண்டும் அட்சரம் பிசகாமல் ஒன்றே. விண்டோஸிலும் லினக்ஸிலும் சாதாரணமாக விசைப்பலகை தருவது முதல் முறை. மேக் கணினிகளின் பழைய கோப்பமைப்போ பெயர்களைப் பிரித்து இரண்டாம் முறையிலேயே வைத்துக்கொள்ளும். எஸ்எம்பி வழியாக வந்தால் பெரும்பாலும் நடுவிலேயே சரிசெய்துவிடுகிறார்கள். ஆனால் அங்கே ஜிப் கட்டாகக் கட்டி, இங்கே லினக்ஸில் அவிழ்த்தால், ஒரே கோப்புறையில் கோர்வை என்ற பெயரிலேயே இரண்டு கோப்புகள் நிற்கக் காணலாம். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. கொடி, கோபுரம், சௌந்தர்யம் என்று ஒகர, ஓகார, ஔகாரக் குறி வரும் சொற்கள் யாவற்றுக்கும் இதே கதி. கம்பி, பட்டு, முந்தி என்பவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. இதைப் பத்திரிகை அச்சிடும் நண்பர்கள் அவசியம் குறித்துக்கொள்ளவேண்டும். கோப்பு காணவில்லை என்று எனக்கு வந்த முறையீடுகளில் இப்படிப்பட்டவற்றைக் கண்டுபிடிக்கத்தான் நான் மிகுதியான பொழுதைச் செலவிட்டிருக்கிறேன்.

நீளத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. விண்டோஸ் ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை இடம் தருகிறது. லினக்ஸ் கணக்கிடுவது குறிகளையல்ல, பைட்டுகளை. அங்கே எல்லை 255 பைட்டுகள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும்; தமிழ்க் குறி ஒவ்வொன்றும் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. ஆகவே தமிழ்ப் பெயர் 85 குறிகளோடு முடிந்தாகவேண்டும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாதலால், நாம் எழுத்தென்று எண்ணுவது ஏறக்குறைய ஐம்பதுதான் கிடைக்கும். மணமகன் பெயர், மணமகள் பெயர், முகூர்த்த நாள், சத்திரத்தின் பெயர் ஆகிய யாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு, விண்டோஸில் இனிதே சேமித்த கோப்பை லினக்ஸ் சர்வர் ஏற்க மறுப்பது இதனால்தான்.

கோப்பு எப்பொழுது எழுதப்பட்டது என்பதைக்கூட இவை வெவ்வேறு சகாப்தங்களில் எண்ணுகின்றன. யூனிக்ஸுக்கு 1970 ஜனவரி 1 முதல். விண்டோஸுக்கு 1601 ஜனவரி 1 முதல். கல்வெட்டு ஆராய்ச்சியாளர் ஆட்சியாண்டையும் சக ஆண்டையும் பொருத்திப் பார்ப்பதுபோல், நடுவிலிருக்கும் சாம்பா இந்த 369 ஆண்டு வித்தியாசத்தை ஒவ்வொரு கோப்புக்கும் சலியாமல் கூட்டிக் கழித்துக் கொடுக்கிறது. பூட்டுகளின் கதையும் அப்படியே. ஒருவர் திறந்து எழுதிக்கொண்டிருக்கும் டிசைனில் மற்றொருவர் கைவைக்கக் கூடாது என்றால், விண்டோஸில் அது தடை. யூனிக்ஸில் பெரும்பாலும் அது வேண்டுகோள், மதிப்பவர் மதிக்கலாம். சாம்பாவின் வழியாக வருவோர் அனைவரும் அந்தத் தடைக்குக் கட்டுப்படுகிறார்கள். அதே கோப்பைச் சர்வரிலேயே உட்கார்ந்து நேராகத் திறப்பவரை அது அவ்வளவாகக் கட்டுப்படுத்தாது. ஆகையால் இருவர் மூவர் வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் ஒரே வாசல் வழியாக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2017 மே 12ஆம் தேதி வானாக்ரை என்ற நச்சுநிரல் உலகமெங்கும் பரவி, இங்கிலாந்தின் மருத்துவமனைகளை முடக்கி, நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தின் காவல்துறைக் கணினிகள் சிலவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த வாசல், எஸ்எம்பியின் முதல் வழக்கிலிருந்த ஒரு பழுது. அந்தப் பழுதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தும் பலர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. அவ்வாண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் அந்த முதல் வழக்கு இயல்பாக நிறுவப்படுவதில்லை. 2019ஆம் ஆண்டு முதல் சாம்பாவும் அதை இயல்பாக அனுமதிப்பதில்லை. எக்ஸ்பி கணினிக்கோ அந்த முதல் வழக்கைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவேதான் உங்கள் தறியோடு வந்த பழைய கணினியும் புதிதாக வாங்கிய கணினியும் ஒரே கம்பியில் கட்டியும் பேசாமல் நிற்கின்றன. யந்திரத்தில் கோளாறு என்று எண்ணி அதை மாற்றப் பெருந்தொகை செலவிட வேண்டாம். நடுவில் ஒரு லினக்ஸ் கணினியை வைத்து, பழைய கணினிக்கு மட்டும் அந்த முதல் வழக்கைத் திறந்துவிட்டு, அதனை இணையத்தின் காற்றே படாமல் தனிக் கம்பியில் கட்டிவிடுங்கள். எஸ்எம்பி பேச்சு வந்துபோகும் 445 என்னும் வாசலை ரவுட்டரின் வெளிப்புறத்துக்கு எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. தறிக்கொட்டகைக்கு வரும் எல்லோருக்கும் வைஃபை அடையாளச்சொல்லைச் சொல்லும் வழக்கத்தையும் அன்புகூர்ந்து விட்டுவிட வேண்டுகிறேன்.

நண்பரின் அறையில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. மகனுடைய பழைய மடிக்கணினியே லினக்ஸோடு அலமாரிமேல் சர்வராக உட்கார்ந்திருக்கிறது. டிசைன் என்று ஒரு கோப்புறை. அதில் எழுதும் உரிமை தகப்பனுக்கும் மகனுக்கும் மாத்திரம். அச்சகத்து உறவினர் படிக்கலாம், மாற்றலாகாது. விண்டோஸில் இரண்டு சாய்கோடு இட்டு அதன் பெயரைத் தட்டினாலும், மேக்கில் சர்வரோடு இணை என்று கட்டளை கொடுத்தாலும் ஒரே கோப்புறைதான் திறக்கிறது. ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் முழுதும் சிறிய எழுத்து என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறான் பையன். ஒவ்வொரு ராத்திரியும் எல்லாம் வேறொரு தட்டுக்கு நகலாகிறது. அந்த நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற நிரலும் அதே டிரிட்ஜெல் தம் நண்பர் பால் மக்கெராஸோடு சேர்ந்து 1996ஆம் ஆண்டில் வெளியிட்டதுதான்.

இதோ இந்த மேஜைமேல் விண்டோஸ் ஒன்றும், மேக் ஒன்றும், பாஸ் லினக்ஸ் ஒன்றும் வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் விரும்புகிறவர்கள் வந்து, கோர்வை என்ற கோப்பை ஒன்றில் எழுதி மற்றொன்றில் திறந்து பார்க்கலாம். பழைய ஃப்ளாப்பியிலோ சிடியிலோ தந்தை காலத்து டிசைன்கள் வைத்திருப்பவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றை இங்கே கொண்டுவாருங்கள். படிக்க முடிந்தவற்றை எல்லாம் அன்றைக்கே எடுத்து, எந்தத் தறிக்குரியவை என்று பெயரிட்டு, உங்களிடமே ஒப்படைக்க இந்த ஊர் இளைஞர்கள் சிலர் இசைந்திருக்கிறார்கள்.